பாலடின் பாத்திரத்தை நன்றாக ஆடுவது எப்படி?

நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, ஆட்டத்தை நடத்துபவரான டன்ஜன் மாஸ்டர் விவரிக்கும் உலகில் அந்தப் பாத்திரங்கள் என்ன செய்கின்றன, என்ன பேசுகின்றன என்று சொல்லிக்கொண்டே போய் ஒரு கதையை உருவாக்கும் ஆட்டத்தைத்தான் டேபிள்டாப் ரோல்பிளே ஆட்டம் என்கிறோம். முடிவு உறுதியில்லாத செயல்களுக்குப் பகடை உருட்டப்படும். மற்றதெல்லாம் பேச்சும் கற்பனையும்தான். இந்த ஆட்டங்களில் மூத்ததும் பரவலாக ஆடப்படுவதுமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், புதிதாக வருபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய பாத்திர வகைகளுள் பாலடினும் ஒன்று. கனத்த கவசமும் வாளும் தரித்த போர்வீரர். ஆனால் அவருடைய வலிமையில் பாதி அவர் ஏற்றுக்கொண்ட ஒரு சத்தியத்திலிருந்து வருகிறது. கை வைத்தால் காயம் ஆறும். வாள் ஓங்கினால் அதில் தெய்வீக ஒளி இறங்கும். அருகில் நிற்கும் தோழர்களுக்கு அச்சம் விலகும்.

இவ்வளவு அழகான பாத்திரத்துக்கு ஆட்டக்காரர்களிடையே நெடுங்காலமாக ஒரு கெட்ட பெயரும் உண்டு. குழுவில் ஒருவர் பாலடின் எடுத்துவிட்டால், அதன்பின் யாரும் ஒரு பூட்டைக்கூட நிம்மதியாக உடைக்க முடியாது, எதற்கெடுத்தாலும் உபதேசம் கேட்க வேண்டும், கைதியை விசாரிக்கும் ஒவ்வொரு முறையும் சண்டை வரும் என்று பலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அந்தக் குறை பாத்திரத்தின் இயல்பில் இல்லை, அதை ஆடும் முறையில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சத்தியம் செய்தவர் பாலடின் ஒருவரே. ஆகவே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியவரும் அவர் ஒருவரே. புதிதாகப் பாலடின் ஆட விரும்புபவர் இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமாக வந்து சேரும். அது ஏன், எப்படி என்பதைத்தான் கீழே விளக்க முயல்கிறேன்.

கெட்ட பெயர் வந்த வழி

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளியானது. அடுத்த ஆண்டே வந்த கிரேஹாக் என்னும் துணைநூலில் பாலடின் முதன்முதலாக இடம்பெற்றார். அன்றைய விதிப்படி ஒரு பாத்திரத்தின் ஒவ்வொரு திறனுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். பாலடின் ஆக வேண்டுமானால் கரிஸ்மா என்னும் ஆளுமைத் திறன் குறைந்தது 17 இருக்க வேண்டும். மூன்று பகடைகளில் 17 அல்லது 18 விழுவதற்கான வாய்ப்பு 216-இல் 4, அதாவது 54-இல் ஒன்று. இப்படி அரிதாகக் கிடைத்த பாத்திரத்துக்கு அதற்கேற்ற கடுமையான கட்டுப்பாடுகளும் வைக்கப்பட்டன.

1978-இல் வந்த அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆட்டக்காரர் கையேட்டில் அந்தக் கட்டுப்பாடுகள் விரிவாக எழுதப்பட்டன. பாலடின் மனித இனத்தவராகவே இருக்க வேண்டும். லாஃபுல் குட் என்னும், ஒழுங்கும் நன்மையும் சேர்ந்த அறநிலையைக் கடைசிவரை காக்க வேண்டும். மாயப் பொருள்களில் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தே ஒழுங்கை மீறினால் உயர்ந்த லெவலில் (அனுபவத்தால் ஏறும் படிநிலையில்) உள்ள ஒரு கிளெரிக்கிடம், அதாவது மதகுரு வகைப் பாத்திரத்திடம், பாவத்தைச் சொல்லிப் பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தே தீமை செய்தால் பாலடின் என்னும் நிலையே நிரந்தரமாகப் பறிபோகும், பிறகு அவர் வெறும் போர்வீரர்தான்.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால், பத்துப் பொருள்கள், தானம், பரிகாரம் ஆகிய எல்லாம் பாலடினை மட்டுமே கட்டுகின்றன. அவற்றால் யாருக்கும் தொல்லை வரவில்லை. தொல்லையைக் கொண்டுவந்தது வேறொரு விதி: பாலடின் நீண்டகாலத் தோழர்களாக நல்ல அறநிலை கொண்ட பாத்திரங்களையே வைத்துக்கொள்வார் என்பது அது. நடுநிலைப் பாத்திரங்களோடு ஒரே ஒரு பயணத்துக்கு வேண்டுமானால் சேரலாம், அதுவும் நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும். இந்த ஒரு வரியால் பாலடின் எடுத்தவருடைய தேர்வு, அவருடன் உட்கார்ந்திருக்கும் மற்ற மூவர் நால்வரின் தேர்வையும் கட்டிப்போட்டது. திருடன் பாத்திரம் ஆட ஆசைப்பட்டவர் மேஜையில் குற்றவாளி போல உட்கார நேர்ந்தது. பிறகு 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு மனிதர் அல்லாதவர்க்கும் பாலடின் வகையைத் திறந்துவிட்டாலும், தீய பாத்திரங்களோடு தெரிந்தே சேரக் கூடாது என்ற விதியை விடவில்லை. தீமையை மோப்பம் பிடிக்கும் ஆற்றலும் அதே பாலடினிடம் இருந்ததால், உடன் வருபவரையே சோதித்துப் பார்க்கும் வழக்கம் பல மேஜைகளில் உண்டாயிற்று.

2008-இன் நான்காம் பதிப்பு அந்தப் பழைய அறநிலைக் கட்டாயத்தைக் கைவிட்டது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னும் முக்கியமான ஒரு மாற்றத்தைச் செய்தது. அறநிலைக்குப் பதிலாகச் சத்தியத்தை நடுவில் வைத்தது. மூன்றாவது லெவலை எட்டும்போது பாலடின் ஒரு சத்தியத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அதற்கென்று சில நெறிகள் உண்டு. பாலடினின் ஆற்றல் ஒரு தெய்வத்திடமிருந்து வருவதைப் போலவே நீதியின்மீது அவர் கொண்ட பற்றிலிருந்தும் வருகிறது என்று அந்தக் கையேடு சொல்கிறது. இந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நல்லவராக இருப்பது என்பது மங்கலான கட்டளை. சொன்ன சொல்லைக் காப்பது என்பது ஆடிக்காட்டக் கூடிய செயல்.

ஊதப்படாத கொம்பு

பாலடின் என்ற உருவம் சார்லமேன் பேரரசரின் பன்னிரு வீரர்களைப் பற்றிய ஐரோப்பியக் கதைகளிலிருந்து வந்தது. அவர்களில் புகழ்பெற்றவர் ரோலண்ட். 778-இல், ஸ்பெயினிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சார்லமேனின் படையின் பின்பகுதியைப் பிரனீஸ் மலைக்கணவாய் ஒன்றில் பாஸ்க் மக்கள் தாக்கி அழித்தார்கள். இறந்தவர்களுள் ரோலண்டும் ஒருவர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பழைய பிரெஞ்சு மொழியில் எழுந்த காவியம் இந்தச் சிறு தோல்வியைப் பெரும் போராக்கி, தாக்கியவர்களை முஸ்லிம் படையாகவும் மாற்றிவிட்டது.

அந்தக் காவியத்தில் ஒரு காட்சியைப் பாலடின் ஆடுபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரிப் படை கடல்போல வருவதைப் பார்த்த ஆலிவர் என்னும் தோழன், கொம்பை ஊது, அரசர் கேட்டுத் திரும்பி வருவார் என்று ரோலண்டிடம் திரும்பத் திரும்ப மன்றாடுகிறான். ஊதினால் தன் குலத்துக்கும் நாட்டுக்கும் இழுக்கு என்று ரோலண்ட் மறுத்துவிடுகிறான். வீரர்கள் கொத்துக்கொத்தாக மடிந்து, ஒரு கைப்பிடிப் பேர் எஞ்சும்போது ரோலண்டே கொம்பை எடுக்கிறான். இப்போது ஆலிவர் தடுக்கிறான்: அப்போது ஊதியிருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள், இத்தனை சாவுக்கும் உன் பிடிவாதமே காரணம் என்கிறான். கடைசியில் ரோலண்ட் கொம்பை ஊதுகிறான். ஊதிய வேகத்தில் நெற்றிப்பொட்டு நரம்பு வெடித்துப்போகிறது. அரசர் வந்து சேரும்போது உயிரோடு யாரும் இல்லை.

பாலடினின் பெருமையும் அவருக்கு நேரக்கூடிய சறுக்கலும் இந்த ஒரு காட்சியிலேயே இருக்கின்றன. ரோலண்டின் துணிவில் யாரும் குறை காண முடியாது. ஆனால் தன் மானத்துக்காக அவன் கொடுத்த விலையை மற்றவர்களும் சேர்ந்து கொடுத்தார்கள். உங்கள் பாலடின் ஒரு முடிவெடுக்கும்போது, இதற்கான விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நானே கொடுக்கிறேன் என்றால் காட்சி உயர்ந்து நிற்கும். தோழர்கள் கொடுப்பார்கள் என்றால், அவர்களைக் கேட்காமல் அந்த முடிவை எடுக்காதீர்கள்; அல்லது எடுத்துவிட்டு, ஆலிவரைப் போல ஒருவர் முகத்துக்கு நேரே கேள்வி கேட்க இடம் கொடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காவியம் ஒரு மதத்தினரையே பகைவராக்கி எழுதப்பட்டது. சிலுவைப்போர்க் காலத்தின் இரத்தம் வரலாற்றில் உண்மையாகவே சிந்தப்பட்டது. நம் மேஜையில் பல நம்பிக்கைகளைச் சேர்ந்தவர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே உங்கள் புனித வீரருக்குக் கற்பனைத் தெய்வத்தையே கொடுங்கள். எந்த உண்மையான மதத்தின் சாயலும் பகைவர்மீது விழாதபடி டன்ஜன் மாஸ்டரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தியத்தை நுணுக்கமாக எழுதுவது

ஐந்தாம் பதிப்பின் சத்தியங்களைப் படிக்கும்போது அவை பொதுவான சொற்களாகவே இருக்கும். டிவோஷன் என்னும் பக்திச் சத்தியத்துக்கு நேர்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை என்று ஐந்து நெறிகள். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு யாரும் ஒரு காட்சியை ஆட முடியாது. அவற்றை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதை எப்படிச் செய்வது என்பதற்கு வரலாற்றிலேயே நல்ல முன்மாதிரி கிடைக்கிறது. சிலுவைப்போர்க் காலத்துத் துறவி வீரர்களான டெம்ப்ளர்களின் சங்கத்துக்கு 1129-இல் டுருவா நகரில் கூடிய திருச்சபை மன்றம் ஒரு ஒழுங்குமுறையை ஏற்படுத்திக் கொடுத்தது. லத்தீனில் 72 பிரிவுகள் கொண்ட அந்த ஒழுங்குமுறையில் பெரிய பெரிய கோட்பாடுகளைக் காட்டிலும் சின்னச் சின்ன விஷயங்களே என்னை ஈர்க்கின்றன. சாப்பிடும்போது பேசக் கூடாது, மறைநூல் வாசிப்பைக் கேட்டுக்கொண்டு உண்ண வேண்டும். கிண்ணங்கள் குறைவு என்பதால் இருவர் இருவராக ஒரே கிண்ணத்தில் உண்ண வேண்டும். அப்பத்தில் பத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்குப் போக வேண்டும். கூர்முனைக் காலணி கூடாது. கடிவாளத்தில் பொன்னும் வெள்ளியும் மின்னக் கூடாது. வேட்டையாடுவது அடியோடு தடை, சிங்கத்தைத் தவிர. இந்த நாலைந்து வரிகளைக் கேட்டதுமே ஒரு மனிதர் கண்முன் வந்துவிடுகிறார். இரவில் குழுவினர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சாதாரணக் காட்சியில்கூட அவருக்குச் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டாக நாமே ஒரு பாலடினை உருவாக்கிப் பார்க்கலாம். அவள் ஆற்றங்கரை ஊரொன்றில் படகோட்டியின் மகள். வெள்ளத்தின்போது தந்தை பணக்காரர்களை முதலில் ஏற்றி அக்கரை சேர்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள், காத்திருந்த மற்றவர்களை ஆறு கொண்டுபோய்விட்டது. அந்தக் குற்ற உணர்வு குடும்பத்தையே தின்றது. அவள் ஆறுகளின் தெய்வத்தின் கோயிலில் சத்தியம் செய்தபோது மூன்று வாக்குக் கொடுத்தாள்: உதவி கேட்பவரிடம் விலை பேசமாட்டேன், ஆபத்தான இடத்தைக் கடக்கும்போது கடைசி ஆளாகவே கடப்பேன், சரணடைந்தவரைக் கொல்லமாட்டேன், கொல்ல விடவும்மாட்டேன்.

முதல் வாக்கால் பணம் போகும். ஆனால் குழுவின் பணத்தை அவள் விட்டுக்கொடுக்க முடியாது என்பதால், தன் பங்கை மட்டும் விட்டுவிடுவாள். இரண்டாவது வாக்கு பாலம், சுரங்கம், எரியும் வீடு என்று எது வந்தாலும் அவளை ஆபத்தின் பக்கமே நிறுத்தும். தோழர்கள் அதற்காகவே அவளை நேசிக்கத் தொடங்குவார்கள். மூன்றாவது வாக்குதான் சிக்கலானது. கொல்ல விடவும்மாட்டேன் என்ற பகுதி மற்றவர்களையும் தொடுகிறது. இப்படிப்பட்ட வாக்கை எழுதவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், கதையின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, செஷன் ஜீரோ எனப்படும் முன்னேற்பாட்டுச் சந்திப்பில் எல்லோரிடமும் சொல்லி, இதனால் உங்களுக்கு ஆட்டம் கெடுமா என்று கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கைதி என்னும் பரீட்சை

அந்த மூன்றாவது வாக்கு மேஜையில் எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். சண்டை முடிந்து காப்ளின் என்னும் குட்டிப் பூதம் ஒன்று மட்டும் உயிரோடு பிடிபட்டிருக்கிறது. அது முழந்தாளிட்டுக் கைகூப்பி, என்னைக் கொல்லாதீர்கள், தலைவன் எங்கே பதுங்கியிருக்கிறான் என்று சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சுவதாக டன்ஜன் மாஸ்டர் விவரிக்கிறார். ரோக் எனப்படும் திருட்டுக்கலை வல்லவரை ஆடுபவர் சொல்கிறார்: “சொல்லட்டும். சொன்ன பிறகு முடித்துவிடலாம். விட்டால் ஓடிப்போய்த் தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.”

அனுபவமில்லாத பாலடின் இந்த இடத்தில் வாளை உருவிக்கொண்டு, “அதன்மேல் கைவைத்தால் முதலில் என்னைத் தாண்டிப் போ” என்பார். கேட்பதற்கு வீரமாக இருக்கும். ஆனால் இப்போது ரோக்கை ஆடுபவருக்கு இரண்டே வழிகள்: பணிந்துபோக வேண்டும், அல்லது தோழரோடு சண்டை போட வேண்டும். காப்ளினை எல்லோரும் மறந்துவிடுவார்கள்; நண்பர்கள் இருவர் மனக்கசப்போடு வாதிடுவார்கள்; மற்ற இருவரும் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அதே சத்தியத்தை அதே உறுதியோடு காப்பாற்றிக்கொண்டு வேறு மாதிரியும் ஆடலாம்:

“நீ சொல்லும் ஆபத்து உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இது சரணடைந்துவிட்டது. இனி இதன் உயிர் என் பொறுப்பு. கையைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். இன்றிரவு முழுக்கக் காவல் என்னுடையது. தப்பி ஓடினால் துரத்திப் பிடிக்கப் போகிறவளும் நான்தான்.”

இந்தப் பதிலில் ஒரு சொல்கூட ரோக்கின் குணத்தைக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய அச்சத்துக்கு மதிப்பளித்து, அதற்குத் தீர்வையும் கொடுத்திருக்கிறாள். அந்தத் தீர்வின் முழுச் செலவையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறாள். டன்ஜன் மாஸ்டருக்கும் இது விருந்து. இரவெல்லாம் கண்விழித்தவளுக்கு மறுநாள் களைப்பு வரலாம். இடுப்பில் கைதியைக் கட்டிக்கொண்டு ஓசைப்படாமல் பதுங்குவது கடினமாகலாம். நள்ளிரவில் அந்தக் காப்ளின் அவளிடம், ஏன் என்னைக் காப்பாற்றினாய் என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியிலிருந்து பத்து வாரக் கதை பிறக்கும். ஒருவேளை காப்ளின் உண்மையாகவே தப்பி ஓடிக் கூட்டத்தை அழைத்து வந்துவிட்டால், அப்போதும் அவள் சாக்குச் சொல்லாமல், “தவறு என்னுடையது, முன்னால் நான் நிற்கிறேன்” என்று சொன்னாளானால் அந்தக் குழுவில் யாரும் அவள்மேல் நெடுநாள் கோபப்பட மாட்டார்கள்.

பேச்சு முறையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பாலடின் குறைவாக உபதேசிப்பார், நிறையக் கேட்பார். தோழர் பொய் சொல்லி வேலையை முடிக்கப் பார்க்கும்போது, பொய் பாவம் என்று பிரசங்கம் செய்யத் தேவையில்லை. “நீ பேசு, நான் வெளியே நிற்கிறேன். என்னிடம் கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன், ஆகவே என்னை அவர்கள் கேட்காதபடி பார்த்துக்கொள்” என்று சொல்லி வாசலில் நிற்கும் பாலடின் தம் நேர்மையையும் காப்பாற்றுகிறார், நண்பரின் காட்சியையும் காப்பாற்றுகிறார். அவர் வாசலில் நிற்பதே ஒரு சுவையான பதற்றத்தைக் கொடுக்கும்.

விதிகளே சொல்லும் குணம்

புதியவர்கள் பலர் ரோல்பிளே என்பது பேசும்போது மட்டும் நடப்பது என்றும், சண்டை வந்துவிட்டால் எண்களும் பகடையும்தான் என்றும் நினைக்கிறார்கள். பாலடின் விஷயத்தில் எண்களுக்குள்ளேயே குணம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

லே ஆன் ஹேண்ட்ஸ் என்னும் குணப்படுத்தும் ஆற்றலை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் பதிப்பில் பாலடினின் லெவலை ஐந்தால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையே அவருடைய கைகளில் உள்ள குணமாக்கும் இருப்பு. மூன்றாவது லெவலில் 15. அதைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் கொடுக்கலாம். நீண்ட ஓய்வுக்குப் பிறகே மறுபடி நிரம்பும். ஆக, ஒவ்வொரு நாளும் உங்கள் கையில் 15 புள்ளிக் கருணை இருக்கிறது, யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள்? பெரும்பாலோர் சண்டையில் தோழர் விழும்போது எழுப்புவதற்காக முழுவதையும் சேமித்து வைப்பார்கள், அது அறிவான செயல்தான். ஆனால் கிராமத்தைக் கடந்து போகும்போது, கால் நசுங்கிக் கிடக்கும் ஒரு கூலியாளுக்கு மூன்று புள்ளிகளைக் கொடுத்துவிட்டு, மீதிப் பன்னிரண்டோடு குகைக்குள் நுழையும் பாலடினை அந்த மேஜை மறக்காது. மூன்று புள்ளிகள் ஆட்டத்தின் போக்கை அநேகமாக மாற்றாது. பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதோ மிக அதிகம்.

ஆறாவது லெவலில் வரும் ஆரா ஆஃப் புரொடெக்‌ஷன் இன்னும் தெளிவானது. பாலடினுக்குப் பத்தடி தொலைவுக்குள் நிற்கும் தோழர்களின் சேவிங் த்ரோ என்னும் தற்காப்பு உருட்டல்களில் அவருடைய கரிஸ்மா மதிப்பும் கூடும். விலகிப் போனால் அந்தக் காப்பு இல்லை. ஆகவே புகழுக்காகத் தனியே முன்னால் பாய்ந்து எதிரித் தலைவனோடு மோதும் பாலடின், பின்னால் நிற்பவர்களைக் காப்பில்லாமல் விட்டுவிடுகிறார். மீண்டும் ரோலண்டின் கதைதான். இதற்கு மாறாக, அச்சமூட்டும் மாயம் வரப்போகிறது என்று தெரிந்ததும் இரண்டடி பின்வாங்கி, நடுங்கும் மந்திரவாதியின் தோளோடு தோளாக நிற்பவர் வாய் திறக்காமலே தம் சத்தியத்தைச் சொல்லிவிட்டார்.

டிவைன் ஸ்மைட் என்னும் தெய்வீக அடி புதியவர்களை மிகவும் கவரும். 2014 விதிகளில் அடி பட்ட பிறகு மந்திர இருப்பைச் செலவழித்துக் கூடுதல் சேதம் சேர்க்கலாம். 2024-இல் வந்த புதிய கையேட்டில் அது கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் சொல்லும் மந்திரமாக மாறிவிட்டது. இரண்டிலும் அது அளவோடு கிடைக்கும் பொருள். எதிர்ப்படும் எல்லோர்மீதும் அதை இறக்காமல், சத்தியத்துக்கு நேர்ப்பகையானவர்களுக்கு என்று ஒதுக்கிவைத்து, இறக்கும்போது ஒரு வரி பேசினால் போதும். உபாயத்தின்படி இது எப்போதும் சிறந்ததாக இராது. ஆனால் அந்த அடிக்கு ஒரு கனம் வந்துவிடும்.

டன்ஜன் மாஸ்டரின் பங்கு

பாலடின் ஆட்டம் கெடுவதற்கு ஆடுபவர் மட்டும் காரணமில்லை. பாலடினை வீழ்த்திப் பார்ப்பதற்காகவே இரண்டு பக்கமும் பாவமான பொறிகளை வைக்கும் டன்ஜன் மாஸ்டர்கள் உண்டு: குழந்தையைக் காப்பாற்றினால் சொன்ன வாக்குப் போகும், வாக்கைக் காப்பாற்றினால் குழந்தை போகும், எதைச் செய்தாலும் உன் ஆற்றலைப் பறித்துவிட்டேன் என்பார்கள். இது அநியாயம். கடினமான தேர்வு கதைக்கு நல்லது. தேர்வே இல்லாத தண்டனையால் கதைக்கும் ஆடுபவருக்கும் எந்தப் பயனும் இல்லை.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த தீர்வு பாத்ஃபைண்டர் என்னும் வேறொரு ரோல்பிளே ஆட்டத்தின், 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. அந்த 2019 நூலில் சாம்பியன் என்னும் வகைக்குள் பாலடின் ஒரு பிரிவாக இருந்தது. சாம்பியனின் நெறிகள் முக்கியத்துவ வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன; இரண்டு நெறிகள் மோதினால் மேலே உள்ளதைப் பின்பற்ற வேண்டும், கீழே உள்ளதை மீறியது குற்றமாகாது. அப்பாவிகளைக் காப்பது மேலே இருக்கிறது. பொய் சொல்லாமை அதற்குக் கீழே. ஆகவே அகதிகளைக் கொல்லத் தேடும் கொடிய அரசன், ஒளித்து வைத்திருக்கிறாயா என்று கேட்டால், பாலடின் பொய் சொல்லலாம் என்று அந்த நூலே விளக்குகிறது. அதோடு, வருங்காலத்தில் எப்போதோ யாருக்கோ வரக்கூடிய தீங்குக்கெல்லாம் இப்போதே வாளெடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் தெளிவாக்குகிறது. நீங்கள் எந்த ஆட்டம் ஆடினாலும் உங்கள் வாக்குகளை இப்படி வரிசைப்படுத்தி எழுதிக் கொடுங்கள். படகோட்டியின் மகளுக்கு மூன்றில் எது முதலில் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் தேடும்போதே அவள் இன்னும் கொஞ்சம் துலங்கி வருவாள்.

சத்தியம் உண்மையாகவே முறிந்துவிட்டால் என்ன செய்வது? 1978-இன் விதியைப் போல ஒரே அடியில் எல்லாவற்றையும் பறித்துவிடுவதை இன்றைய ஐந்தாம் பதிப்பு விரும்புவதில்லை. தவறிய பாலடின் அதே நம்பிக்கையைச் சேர்ந்த ஒரு கிளெரிக்கிடமோ, தம் சங்கத்தைச் சேர்ந்த இன்னொரு பாலடினிடமோ மன்னிப்பு நாடுவார், இரவெல்லாம் விழித்துப் பிரார்த்திப்பார், நோன்பிருப்பார் என்று 2014 கையேடு சொல்கிறது. மனம் வருந்தாமல் வேண்டுமென்றே மீறுபவருக்குத்தான் கடுமையான விளைவுகள். வீழ்ச்சி என்பது ஆடுபவரும் டன்ஜன் மாஸ்டரும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட கதையாக இருந்தால் அதைப் போல நெஞ்சைத் தொடும் பகுதி வேறில்லை. திடீரென்று தலையில் இறங்கினால் அது வெறும் அவமானம்.

எல்லாப் பாலடினும் ஒரே அச்சில் வார்த்தவர் அல்லர்

பக்திச் சத்தியத்தைத் தவிர வேறு வழிகளும் உண்டு. ஏன்ஷியன்ட்ஸ் என்னும் சத்தியத்தைச் செய்தவர்கள் உலகில் ஒளியையும் மகிழ்ச்சியையும் அழகையும் காப்பவர்கள். பாட்டும் சிரிப்பும் அவர்களுக்குக் கடமையின் ஒரு பகுதி, ஆகவே முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளப் பிடிக்காதவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். 2017-இல் ஒரு துணைநூலில் வந்த ரிடெம்ப்ஷன் சத்தியம் பகைவரையும் திருத்த முயல்வது. பொறுமையுள்ள குழு அமைந்தால் மட்டும் எடுங்கள்.

வெஞ்சன்ஸ் என்னும் பழிவாங்கும் சத்தியத்தைப் பலர் கொடூரத்துக்கான உரிமச்சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். தீயவருக்கு இரக்கமில்லை, எந்த வழியிலாவது முடித்துவிடு என்ற நெறிகளோடு அவர்கள் நின்றுவிடுகிறார்கள். அந்தச் சத்தியத்தின் கடைசி நெறியைப் படிக்க வேண்டும்: என் பகைவர் உலகுக்குத் தீங்கு செய்கிறார்கள் என்றால், நான் அவர்களைத் தடுக்கத் தவறியதே காரணம், ஆகவே பாதிக்கப்பட்டவர்களுக்கு நான் உதவியாக வேண்டும் என்பது அதன் பொருள். கொள்ளைக்காரனைத் துரத்தும் வழியில் எரிந்துபோன கிராமத்தில் இறங்கி, கூரை வேய உதவிவிட்டு, அதனால் ஒருநாள் தாமதமாகி, கொள்ளைக்காரன் இன்னும் தூரம் போய்விட்டான் என்று பல்லைக் கடித்துக்கொள்ளும் பாலடின் எவ்வளவு மனிதத்தன்மையோடு இருக்கிறார்! பழியையும் பரிவையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு திண்டாடுவதுதான் அந்தச் சத்தியத்தின் சுவை.

எந்தச் சத்தியமானாலும் பாத்திரத்துக்கு ஐயமும் வேண்டும், குறையும் வேண்டும். நல்லவர் என்பதற்காக அவர் எல்லாம் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை. படகோட்டியின் மகளுக்குப் பணக்காரர்களைக் கண்டாலே காரணமில்லாமல் எரிச்சல் வரலாம். அவளுடைய தெய்வம் ஏன் அந்த வெள்ளத்தைத் தடுக்கவில்லை என்ற கேள்வி அவளுக்குள் ஆறாமல் இருக்கலாம். இவற்றை முதல் நாளே எல்லோரிடமும் கொட்டிவிடாமல், டன்ஜன் மாஸ்டரிடம் மட்டும் சொல்லி வையுங்கள்; தக்க நேரத்தில் அவர் அதைக் காட்சியாக்குவார்.

சில மாதங்கள் ஆடிய பிறகு உங்கள் வாக்குகளை எடுத்து மறுபடி படியுங்கள். மேஜையில் ஒருமுறைகூடப் பயன்படாத வாக்கு இருந்தால் அதைத் தயங்காமல் மாற்றுங்கள். கதையில் நடந்த ஏதோ ஒன்று, கட்டி இழுத்து வந்த அந்தக் காப்ளினோ, காப்பாற்ற முடியாமல்போன ஒரு ஊரோ, புதிய வாக்கு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதை உங்கள் பாத்திரம் எங்கே, யார் முன்னிலையில் ஏற்றுக்கொள்கிறது என்பதைத் தனிக் காட்சியாகவே வைத்துத் தரும்படி டன்ஜன் மாஸ்டரிடம் கேளுங்கள். முடிந்தால், உங்கள் சத்தியத்தால் அதிகம் அலைக்கழிக்கப்பட்ட அந்த ரோக்கையே சாட்சியாக நிற்கச் சொல்லுங்கள்.